இந்தப் பிள்ளைக்கு நீ யார்?

சென்னையில் நான் வாயைத் திறந்தால் போதும், ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "மேடம் கேரளாவா?" என்பார். யாழ்ப்பாணம் என்று சொன்னால், "அப்படியா, தமிழ் நல்லாப் பேசுறீங்களே" என்று பாராட்டு வேறு. முதல் மாதம் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றரை வருடமாகக் கேட்டுக் கேட்டு இப்போது அலுத்துவிட்டது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களே, இந்தியாவுக்குப் போனால் பாஷைப் பிரச்சினை இல்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

நான் இங்கே வாழ வந்தவள் அல்ல, காத்திருக்க வந்தவள். என்னைக் கட்டியவர் அகதியாகக் கனடா போனவர், இலங்கைக்குத் திரும்ப முடியாது. அதனால் கலியாணம் சென்னையில் நடந்தது. ஒரு மாதத்தில் அவர் போய்விட்டார். விசா வரும்வரை எனக்கு அபிராமபுரத்தில் ஒரு மாடி அறை. என்னைப்போல இந்த நகரத்தில் விசாவுக்குக் காத்திருக்கும் பெண்களுக்குத் தெரியும், அது என்ன கொடுமை என்று. கடைக்குப் புதிதாக ஒரு சட்டி வாங்கப் போனால்கூட, எதற்கு, போகப்போகிறோமே என்று மனம் தடுக்கும்.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் விசர் பிடித்துவிடும் என்றுதான் மயிலாப்பூரில் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு ஞாயிறுதோறும் போகத் தொடங்கினேன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். கணக்குச் சொல்லிக்கொடுப்பேன், பேன் பார்ப்பேன், கதை சொல்வேன். அங்கேதான் யமுனா இருந்தாள். ஏழு வயது, வாய் மட்டும் எழுபது. 'கதைக்கிறது' என்று நான் சொன்னால், 'பேசுறதுன்னு கரெக்டா சொல்லுக்கா' என்று திருத்துவாள். என் இடப்பக்கம் அவளுக்குச் சொந்தம். வேறு பிள்ளை வந்து உட்கார்ந்தால் நறுக்கென்று கிள்ளிவிடுவாள்.

என் சின்ன வயதில், சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வந்து எங்களோடு விளையாடுவார். என் நகங்களுக்குச் சிவப்புப் பூச்சுப் பூசிவிட்டவர் அவர்தான். ஒரு நாள் அவர் வரவில்லை, பிறகு வரவேயில்லை. பெரியவர்கள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பூச்சு உரிந்து முடியும்வரை நான் பள்ளிக்கூட வாசல் கேற்றடியில் போய் நின்றேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அதை எங்கே வைத்தாலும் பயமாக இருந்ததால் கைப்பையிலேயே கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை இல்லத்து வார்டன் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, பிள்ளைகளுக்கு நானே சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா. நீங்க பிளேன் ஏறினப்புறம் நான் சொல்லிக்கிறேன். அதுங்களுக்கு இதெல்லாம் பழக்கம்" என்றார். திரும்பினால் கதவோரம் யமுனா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் கூப்பிட முன்னமே ஓடிவிட்டாள்.

அன்று பின்னேரம் பிள்ளைகளை வேனில் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். இல்லத்து விமலா ஆயா மற்றப் பிள்ளைகளோடு தூரத்தில் பஞ்சுமிட்டாய்க்காரரிடம் நின்றார். யமுனா மட்டும் நேரே அலையை நோக்கி நடந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கடற்கரையே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"விடு! யாரு நீ? இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது!"

சனம் கூட எவ்வளவு நேரம் எடுக்கும்? பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறது என்று அந்த நாட்களில் எல்லார் போனிலும் வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. பஜ்ஜி விற்ற பெண் அடுப்பை விட்டு வந்து யமுனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இன்னாம்மா, இந்தப் புள்ளைக்கு நீ யாரு?" என்று கேட்டார்.

நான் யார்? தாயில்லை, சித்தியில்லை, டீச்சரும் இல்லை. "நான் ஞாயிறில இவையின்ர இல்லத்துக்கு வாறனான்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னதும் காரியம் கெட்டது. பேச்சே இந்த ஊர் இல்லை என்று ஒருவர் சொன்னார். ஒரு பையன் வீடியோ எடுக்கத் தொடங்கினான். ஐடி காட்டச் சொன்னார்கள். பையிலிருந்ததோ வெளிநாட்டுப் பாஸ்போர்ட், அதில் இன்னொரு நாட்டுக்குப் போக விசா, பக்கத்தில் என்னைத் தெரியாதென்று கத்தும் பிள்ளை. நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அதைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. ஒரு வழக்கு விழுந்தால் விசா போச்சு, ஒன்றரை வருடம் போச்சு.

பெண் போலீஸ் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து, "பயப்படாத பாப்பா. இவங்கள உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

யமுனா அழவில்லை. என் கண்ணைப் பார்த்து, மெதுவாக, "தெரியாது" என்றாள். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் பேன் பார்த்த தலைக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நல்லவேளை, மூச்சிரைக்க ஓடிவந்த விமலா ஆயா இல்லத்து அட்டையைக் காட்டினார். வார்டன் அம்மாவும் போனில் பேசினார். பிள்ளையைக் கடல் பக்கம் தனியாக விடுவீர்களா என்று எனக்கும் ஆயாவுக்கும் போலீஸிடம் செம திட்டு. பஜ்ஜிக்காரப் பெண் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் செய்தது சரிதானே.

திரும்பும் வழியில் வேனில் நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். யமுனா எழும்பி வந்து வழக்கமான இடப்பக்கத்தில் இருந்தாள். நான் முகம் கொடுக்கவில்லை. அடையாறு தாண்டியதும் ரகசியம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"யக்கா, போலீசு உன்ன புடிச்சிக்கினு போயிருந்தா, நீ பிளேன் ஏற முடியாதுல்ல?"

ஓம் என்று தலையாட்டினேன். "அதான் சொன்னேன்" என்றாள், கணக்கை முடித்தவள்போல. பிறகு என் இடக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து டொரொண்டோவிலிருந்து அவருடைய போன் வந்தது. டிக்கெட் போட்டாயா என்று கேட்கத்தான். வலது கை போனைப் பிடித்தபடி இருந்தது. அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. இடக்கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.