பன்னிரண்டு நிமிடம்

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். இந்த நாட்டில் கல்யாண மண்டபம் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு விளையாட்டு அரங்கைத்தான் வாடகைக்கு எடுப்பார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. மேடைக்கு முன்னால் விரித்த சிவப்புக் கம்பளம் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. அதன் கீழே பச்சைத் தரையில் ஒரு வெள்ளைக் கோடு வளைந்து போனது. அண்ணாந்து பார்த்தேன். கூடைப்பந்து வளையத்தைக் கூரையோடு மடித்துவிட்டு, அதற்கும் ஒரு பிளாஸ்டிக் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். தரை மெழுகு மணமும் வடை மணமும் ஒன்றாக வந்தன. கையில் எடுத்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன். "என்னப்பா, பிரஷர் ஏறீட்டுதோ?" என்று மனைவி கேட்டாள். காற்று வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

வடை பாவம், அதில் ஒரு குற்றமும் இல்லை. அந்த மெழுகு மணம்தான். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களை அந்த மணத்துக்குள்தான் கழித்தேன். கூர் என்கிற மலைநகரத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், நம்மவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே படிக்கிறார்கள். அதன் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். ஆரணி, பத்தொன்பது வயது, குணம் அண்ணையின் ஒரே மகள். பயிற்றுநரும் தமிழன்தான். சுதன் என்று பெயர், இரண்டு வயதில் தாயின் இடுப்பில் இருந்தபடி இந்த நாட்டுக்கு வந்தவன். அணியில் ஒரு தமிழ்ப் பெண், அதை நடத்துகிறவன் ஒரு தமிழ்ப் பையன் என்றால் எங்களுக்குச் சண்டை பிடிக்க வேறென்ன வேண்டும்?

கூடைப்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பந்து கூடைக்குள் விழ வேண்டும் என்பது மட்டும்தான். மருத்துவமனைச் சமையலறையில் தட்டுகளுக்குச் சாப்பாடு போடுகிறவன் நான். ஆனால் மூன்று ஆட்டம் பார்த்ததும் யாரை எங்கே நிறுத்த வேண்டும், யாரை அணியில் சேர்த்திருக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டேன். அப்படிச் சொல்லும்போது குரலை வேறு கொஞ்சம் தடிப்பாக்கிக்கொள்வேன்.

அந்த வருஷம் எங்களுக்கு என்ன வருஷம் என்று சொல்லத் தேவையில்லை. வைகாசி வரைக்கும் தெருத்தெருவாக நின்று கத்தினோம். கத்தி ஒன்றும் ஆகவில்லை. தொண்டை மட்டும் பழகிப்போயிருந்தது. வன்னிக்குள் இருந்த குணம் அண்ணையின் தம்பி குடும்பத்தில் ஐந்து பேர். ஒரு செய்தியும் இல்லை. அதன் பிறகு அண்ணை கதைப்பதை நிறுத்திவிட்டார். வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பார். ஆரணிதான் ஒருநாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அரங்குக்குக் கூட்டிவந்தாள். அன்று அவள் போட்ட ஒரு பந்து வளையத்தில் முட்டாமல் உள்ளே போனது. அண்ணை எழும்பி நின்று, "அப்பிடிப் போடு பிள்ளை!" என்றார். நாலு மாதத்துக்குப் பிறகு அவருடைய குரலைக் கேட்டோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து பார்வையாளர் வரிசையின் மேல் வாங்கு எங்களுடையது. குணம் அண்ணை நடுவில் இருப்பார். ஒரு பக்கம் நானும் டாக்ஸி ஓட்டுகிற ராசனும். மறு பக்கம் யோகா அக்கா, தேநீர்ப் போத்தலோடும் ஒரு பெட்டி ரோல்ஸோடும். அக்கா ஊரில் பள்ளிக்கூடத்துக்காக வலைப்பந்து ஆடியவர், அதனால் எங்களுக்குள் அவர்தான் நிபுணர். வலைப்பந்தில் பந்தோடு ஓடக் கூடாது. அந்த ஞாபகத்தில், யார் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாலும் முதல் இரண்டு கிழமை "ஃபவுல்! ஃபவுல்!" என்று கத்தினார். நாங்களும் சேர்ந்து கத்தினோம்.

சுதன் ஆள் எடுத்த விதம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. கல்லூரிக்குப் புதிதாக வந்த ஒரு பண்ணைக்காரரின் மகளை, மலைக்கிராமத்திலிருந்து வந்தவளை, பந்தே பிடித்தறியாதவளை, உயரத்தை மட்டும் பார்த்து அணியில் சேர்த்திருந்தான்.

"உவளைப் பார்த்தா லைட் போஸ்ட் மாதிரியெல்லோ இருக்கு," என்றார் யோகா அக்கா.

"ஆள் எடுக்கத் தெரியாதவன். எங்கடை பிள்ளையை இருத்திப்போட்டு மாடு மேய்ச்சவளை இறக்கிறான்," என்றான் ராசன்.

ஆட்டத்தை நடத்திய விதம் அதைவிட மோசம் என்று தோன்றியது. பந்து கிடைத்தால் ஓடாதே, நடந்து கொண்டுபோ. எதிரணியைத் துரத்தாதே, உன் இடத்தில் நில். இதுதான் அவனுடைய தந்திரம். "உவன் பந்தடிக்கப் பழக்கிறானோ, சாமி ஊர்வலம் கொண்டுபோறானோ?" என்று ராசன் கேட்பான். ஆரணியை இறக்குவான், அவள் நாலு அருமையான பந்து பிரித்துக் கொடுப்பாள், ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து வெளியே கூப்பிட்டுவிடுவான். அவள் முகத்தில் ஒரு கோபமும் இராது. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு ஓரமாகக் காலை நீட்டி இருப்பாள். அப்படிக் காலை நீட்டி இருந்ததை நாங்கள் நாலு பேரும் ஒவ்வொரு கிழமையும் பார்த்தோம்.

நான் நேரம் குறிக்கத் தொடங்கினேன். நாற்பது நிமிட ஆட்டத்தில் அவளுக்குப் பன்னிரண்டு நிமிடம். அடுத்த கிழமையும் பன்னிரண்டு. அதற்கடுத்த கிழமை அணி தோற்றுக்கொண்டிருந்தபோதும் பன்னிரண்டுதான். நான் குறித்தது எதில் தெரியுமா? மருத்துவமனையில் கழித்துப்போட்ட சாப்பாட்டு அட்டைகளின் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் உப்பு இவ்வளவு, சீனி இவ்வளவு என்று இருக்கும். அந்த அளவைப் பார்த்துத் தட்டு நிரப்புவதுதான் என் தொழில். அளந்து கொடுப்பது எப்படிப்பட்டவர்களுக்கு என்று அந்த வாங்கில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானோ அட்டையைக் குணம் அண்ணையிடம் நீட்டி, "பாருங்கோ அண்ணை, உவன் வேணுமெண்டுதான் செய்யிறான்," என்றேன்.

ஏன் வேண்டுமென்று செய்கிறான்? அதற்கும் விடை கண்டுபிடித்தோம். சுதனுடைய தகப்பனின் ஊரும் குணம் அண்ணையின் ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். கோயில் திருவிழாவில் எப்போதோ பிணக்குப்பட்டு இரண்டு தலைமுறையாகக் கொண்டான் கொடுத்தான் இல்லாமல் போனவர்கள். "அப்ப சரி, அதுதான் விஷயம்," என்றார் அண்ணை. சுதனுக்குத் தன் தகப்பனின் ஊர்ப் பெயரை ஒழுங்காகச் சொல்லவே வராது. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினோம்.

கையெழுத்துச் சேர்ப்பது இந்த நாட்டுப் பழக்கம். பாலம் கட்டச் சொல்லியும் கையெழுத்து, கட்ட வேண்டாமென்றும் கையெழுத்து. நாங்களும் அதைக் கற்றுக்கொண்டிருந்தோம். தமிழ்க் கடையிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் நின்று பதினேழு கையெழுத்து வாங்கினோம். அதில் முக்கால்வாசிப் பேர் ஒரு ஆட்டமும் பார்க்காதவர்கள். கடிதத்தை எழுதியவன் நான். என் டொச், அதாவது ஜெர்மன் மொழி, சமையலறையில் பழகியது, ஏச்சுச் சொற்கள்தான் அதிகம். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று பின்னேரம் மினக்கெட்டேன். பிறந்த ஊரை வைத்துப் பாரபட்சம் காட்டுவதற்குச் சரியான சொல் அகப்பட்டபோது தனியே இருந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடிதம் சட்டைப் பையில் இருந்த அன்று ஆரணி பஸ் தரிப்பிடத்தில் என்னிடம் வந்தாள்.

"அங்கிள், அந்தக் கடிதத்தை அனுப்பாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"சும்மாதான். அவர் நல்லவர்."

"வேறை ஏதும் சொன்னவனோ? வெருட்டினவனோ?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பஸ் வந்ததும் விட்டுவிட்டாள். "நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை. நாங்கள் இருக்கிறம்," என்றேன். அன்று மாலையே கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டேன்.

கல்லூரி சுதனைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. ஏன் பன்னிரண்டு நிமிடம்? "அது என் முடிவு" என்பதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். "குற்றமுள்ளவன் என்னத்தைச் சொல்லுவான்?" என்றான் ராசன். பனி கொட்டத் தொடங்கிய கிழமை சுதன் தானாகவே விலகிக்கொண்டான். அந்தச் சனிக்கிழமை யோகா அக்கா இரண்டு பெட்டி ரோல்ஸ் கொண்டுவந்தார். நான் ஐந்து சாப்பிட்டேன்.

அவனுடைய இடத்துக்கு ஒரு வெள்ளைக்கார வாத்தியார் வந்தார். எங்கள் கடிதத்தை அவரும் வாசித்திருக்க வேண்டும். முழு ஆட்டமும் ஆடுவாயா என்று ஆரணியிடம் கேட்டாராம். ஓம் என்றாளாம். பதினேழு பேர் கையெழுத்து வைத்த பிறகு அந்தப் பிள்ளை வேறென்ன சொல்லும்?

இரண்டு ஆட்டம் வென்றோம். குணம் அண்ணை இருக்கவேயில்லை, நின்றபடியே பார்த்தார். அவள் ஓடிய ஓட்டத்தில் ஏதோ பிசகியிருந்தது. இடது காலை ஊன்றும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் யோசித்து ஊன்றுகிற மாதிரி இருந்தது. எனக்கு அது கண்ணில் பட்டது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆட்டத்தில் பந்துக்காக எம்பி, தரையில் கால் வைத்தாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை, யாரும் தொடவுமில்லை. ஈரத்துணியை உதறினாற்போல ஒரு சத்தம் மேல் வாங்கு வரைக்கும் கேட்டது. விழுந்தவள் முழங்காலைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி முதலில் எங்கள் பக்கம், தகப்பனைத்தான் பார்த்தாள். அண்ணையின் கைகள் தட்டுவதற்கு உயர்ந்தபடியே நின்றன.

நான் வேலை செய்த மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அவளுடைய பெயர் போட்ட அட்டை என் கைக்கு வந்தது. தட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன், அது என் வேலை இல்லாவிட்டாலும். கட்டிலுக்குப் பக்கத்தில் சுதன் இருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, "இருங்கோ அங்கிள்," என்று கதிரையை விட்டுத் தந்தான்.

ஆரணி எல்லாவற்றையும் சொன்னாள். முழங்காலுக்குள் சவ்வு கோடையிலேயே கிழியத் தொடங்கியிருந்தது. விளையாட்டை விடு என்றுதான் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"அப்பா வீட்டை விட்டு வெளிக்கிடுறது சனிக்கிழமை மட்டும்தான் அங்கிள். நான் விட்டா திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திடுவார்."

அதனால் அவள் சுதனிடம் அழுது மன்றாடியிருக்கிறாள். அவன் அவளைத் திரும்பவும் மருத்துவரிடம் கூட்டிப்போய், ஓடாமல், துரத்தாமல், ஒரு ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று அனுமதி வாங்கியிருக்கிறான். ஆட்டத்தை மெதுவாக்கியது அதற்காக. வளையத்துக்குக் கீழே இவள் எம்பக் கூடாது என்றுதான் அந்த மலைப் பெண்ணைத் தேடிப்பிடித்திருக்கிறான். நாங்கள் குறையாகச் சொன்ன எல்லாம் இவளுடைய முழங்காலைச் சுற்றிக் கட்டிய வேலி. அதைத்தான் அகராதி பார்த்துப் பிடுங்கி எறிந்திருந்தேன். எனக்கு அவனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒரு சொல் சொல்லியிருக்கலாமே தம்பி," என்றேன்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு இவவுக்குச் சொன்னனான் அங்கிள்." தட்டை அவளுக்குக் கிட்ட நகர்த்தி வைத்தான். "நீங்கள் ஒருக்கா வந்து என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியோ?"

"இல்லை. ஆனா கேட்டிருக்கலாம்."

ஆரணி என் கையைப் பிடித்தாள். "டொக்டர் சொன்னதை நான்தான் அப்பாவுக்குத் தமிழிலை சொன்னனான். விழுந்ததாலை வந்தது எண்டு சொல்லிப்போட்டன். நீங்களும் அப்பிடியே விட்டிடுங்கோ. தன்னாலைதான் எண்டு தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார்." சரி என்றேன். சாப்பாடு ஆறிப்போயிருந்தது, வேறு தட்டுக் கொண்டுவருவதாகச் சொல்லி எழும்பினேன்.

இரண்டு சத்திரசிகிச்சை செய்தும் முழங்கால் பழையபடி மடங்கவில்லை. ஆரணி இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள், படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவாள். சுதன் இந்த நாட்டிலேயே பிரெஞ்சு பேசுகிற பக்கம் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் எந்த அணியையும் பொறுப்பெடுக்கவில்லையாம். கல்லூரியில் அந்த அணியே இல்லை. ராசன் இன்டர்லாக்கனுக்கு மாறிப்போனான். யோகா அக்கா எங்கேயாவது கண்டால் காலநிலை பற்றி மட்டும் கதைப்பார். என் வாயும் போய்விட்டது. எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். மனைவிக்கு அதில் பரம சந்தோஷம்.

குணம் அண்ணை மட்டும் மாறவில்லை. இந்த வருஷத் திருவிழாவுக்குத் திரிம்பாக் கோயிலுக்கு நாங்கள் மூவரும் ஒன்றாகப் போனோம். ஆரணி எங்களுக்கு முன்னால் கைப்பிடியைப் பிடித்தபடி படி ஏறிக்கொண்டிருந்தாள். அண்ணை அவளுடைய காலையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வழக்கம்போலச் சொன்னார்.

"எல்லாம் அந்தச் சுதன் செய்த வேலை. வாங்கிலை இருத்தி இருத்தியே பிள்ளையின்ரை காலைப் பழுதாக்கிப்போட்டான். ஒழுங்கா ஆடவிட்டிருந்தா இப்பிடி வந்திருக்குமோ?"

அவளுக்கும் அது கேட்டிருக்கும். ஒரு படியில் நின்றாள். திரும்பவில்லை, மறுபடி ஏறத் தொடங்கினாள்.

"ஓம் அண்ணை," என்றேன்.