இரண்டு சத்தார் பாய்

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு யாரைப் பேசக் கூப்பிடுவது என்று வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்பவள் சவுரியம்மாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். கொரோனா காலத்தில் கம்பெனி மூடிக் கிடந்தபோது, கூட வேலை பார்த்த பெண்கள் போனில் வீடியோ போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். கம்பெனி திறந்த பிறகும் அது நிற்கவில்லை. பேரணாம்பட்டு, குடியாத்தம் வரைக்கும் ஐம்பது அறுபது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

வாராவாரம் விஷயம் தெரிந்த ஒருவரைப் பிடித்து வருவது இவள் பொறுப்பு. ஒருமுறை முதுகுவலிக்கு என்று வந்த வைத்தியர், முதுகை விட்டுவிட்டுத் தன் லேகியத்தை முக்கால் மணி நேரம் விற்றார். அன்றைக்கு இவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அதிலிருந்து, பேச வருகிறவருக்கு யார் என்ன கேட்கப்போகிறார்கள் என்று முதல்நாளே வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுவாள்.

இத்தனைக்கும் பயந்தாங்கொள்ளி. சூப்பர்வைசர் தும்மினால்கூட, நம்மைத்தான் ஏதோ சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கும் ரகம்.

அந்த வாரம் பேச வேண்டியவர் வாணியம்பாடி வக்கீல் சத்தார் பாய். கூப்பிட்டது வஹீதாவுக்காக. வஹீதா பக்கத்து மெஷின் பெண், கான்ட்ராக்ட் ஆள், ஆறு மாசக் கர்ப்பிணி. கம்பெனிக்குத் தெரியாமல் ஏப்ரனுக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு வந்து போனாள். போன வருஷம் வாயைத் திறந்து சொன்ன இரண்டு பேரை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். புருஷனுக்கும் வேலை சரியாக இல்லை. வஹீதா சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

சனிக்கிழமை சாயந்திரம் பஸ்ஸில் இடிபட்டபடியே சவுரியம்மாள் போனில் பேசி அனுப்பினாள். "பாய், நாளைக்கு மறந்துடாதீங்க. நம்ம தையல் லைன் வஹீதாவுக்கு ஆறு மாசம். கம்பெனிக்குத் தெரியாது. தெரிஞ்சா இன்னா பண்றதுன்னு அவதான் மொதல்ல கேப்பா."

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மெசேஜ் போயிருந்தது இன்னொரு சத்தார் பாய்க்கு. கம்பெனி ஆபீஸில் ஆட்களைச் சேர்ப்பதும் நிறுத்துவதும் அவர்தான். கேட்டுக்கு உள்ளே அவர் 'சார்'. ஆனால் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர் என்பதால் கேட்டுக்கு வெளியே 'பாய்'. போனிலும் அப்படியே பதிந்து வைத்திருந்தாள். வேறு ஊர்க்காரியாக இருந்தால் 'மேனேஜர்' என்று போட்டிருப்பாள், தப்பித்திருப்பாள்.

அவர் கேட்டுவிட்டார் என்பதற்கு மெசேஜில் நீல நிறம் வந்திருந்தது. பதில் ஏதும் இல்லை. பதில் வந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். இரண்டு பேர் போனிலிருந்தும் மெசேஜை அழித்தாள். வஹீதாவிடம் சொல்ல நம்பரை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். சொல்லவில்லை. மறுநாள் காலை சர்ச் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் இவளுக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு வக்கீல் வந்தார். எல்லாரையும் முந்திக்கொண்டு வஹீதா பேசினாள். கண் வீங்கியிருந்தது.

"காலையில கான்ட்ராக்டர் போன் பண்ணாரு பாய். ஆர்டர் கம்மியாம். நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாரு. மத்தவங்க யாரையும் நிறுத்தல."

"நீங்க மாசமா இருக்கிறது கம்பெனிக்குத் தெரியுமாம்மா?"

"நான் சொல்லவே இல்லியே பாய்."

"அதான் பேஜார். தெரிஞ்சு நிறுத்துனாங்கன்னு காட்டினா கேஸ் நிக்கும். தெரியாதுன்னு கைய விரிச்சிட்டா கஷ்டம்."

சவுரியம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பேசாமல் இருந்தால் அவள் பெயர் வெளியே வராது. இன்னும் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு மரியாதையாக வீட்டுக்குப் போகலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"அவங்களுக்குத் தெரியும் பாய்" என்றாள். "நான்தான் சொன்னேன். உங்களுக்கு அனுப்பறதா நெனச்சு கம்பெனி சத்தார் பாய்க்கு அனுப்பிட்டேன். கேட்டுட்டாரு."

திரையில் வஹீதா போனை முகத்துக்குக் கிட்டே இழுத்தாள்.

"நேத்தே தெரியுமாக்கா உனக்கு?" என்றாள் வஹீதா.

"தெரியும். பயமா இருந்துச்சு."

வக்கீல் குறுக்கிட்டார். "அந்த மெசேஜ் இருக்குதாம்மா?"

"அழிச்சிட்டேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீங்கதான் சாட்சி. உங்க பேரைப் போட்டுத்தான் புகார் எழுதணும். நீங்களும் அங்கதானே வேலை செய்றீங்க? அவசரமில்ல, நல்லா யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

"யோசிச்சா மாட்டேன்னு சொல்லிடுவேன் பாய்" என்றாள் சவுரியம்மாள். "இப்பவே எழுதிக்கோங்க."