ஆடும் பிக்கப்புக்கு ஓர் இரும்புக் கம்பி

"நிறுத்துங்க... இங்கயே நிறுத்துங்க."

மலேசியாவின் கிள்ளான் நகரில் மேம்பாலம் இறங்கி வளைகிற இடம். நிறுத்தக்கூடாத இடம். பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஓரங்கட்டினேன். சாந்தி கதவைத் திறந்தாள். இறங்கக்கூட முடியவில்லை. உட்கார்ந்தபடியே வெளியே குனிந்து வாந்தி எடுத்தாள்.

சாந்தி என் மனைவி. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்துவிட்டு வெளியே வரும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பாள். அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவர என்னிடம் இருப்பது இருபது வயது தாண்டிய ஒரு பிக்கப். பூச்செடி நர்சரி வைத்திருந்த காலத்தில் யாரோ ஓட்டிக் களைத்ததை வாங்கினேன். நர்சரி போய்விட்டது. வண்டி மட்டும் மிச்சம்.

அந்த வண்டி வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாகச் சாயும். நிமிர்ந்ததும் இன்னொரு பக்கம். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிற எனக்கே குமட்டும். அப்படியானால் அவளுக்கு?

வாயைத் துடைத்துக்கொண்டு சாந்தி சொன்னாள். "இந்த வண்டி ஆடற ஆட்டத்துக்கு... இனிமே நான் வரல. போதும்."

கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் அவள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. கெஞ்சினேன். கத்தினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செவ்வாய் மத்தியானத்துக்குள் கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. அப்புறம் என்ன கெஞ்சல்? கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

வாடகைக் காரில் போகலாமே என்று கேட்பீர்கள். போனோம். ஒரே ஒரு தடவை. பின் சீட்டில் வாந்தி எடுத்துவிட்டாள். டிரைவர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கண்ணாடியில் அவர் முகத்தை இவள் பார்த்துவிட்டாள். அதோடு சரி. மறுபடி பிக்கப்தான்.

ஆக, வண்டியைச் சரி செய்ய வேண்டும். அது ஒன்றுதான் என்னால் ஆகிற காரியம்.

கிள்ளானில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் சேகர். வண்டியை ஜாக்கில் தூக்கி, கீழே படுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அண்ணே, இதுல ஸ்டெபிலைசர் பாரே இல்ல லா! முன்னுக்கும் இல்ல, பின்னுக்கும் இல்ல."

"அப்படின்னா?"

"இடது வீலையும் வலது வீலையும் சேத்துப் பிடிக்கற கம்பிண்ணே. வண்டி ஒரு பக்கம் சாஞ்சா, அது முறுக்கிக்கிட்டுச் சாய விடாது. முன்ன வச்சிருந்தவன் காட்டுக்குள்ள ஓட்டியிருப்பான் போல. மேடு பள்ளத்துல சக்கரம் நல்லா இறங்கி ஏறட்டும்னு கழட்டிப் போட்டுட்டான். பாருங்க, போல்ட் ஓட்டை மட்டும் இருக்கு."

குனிந்து பார்த்தேன். துருப்பிடித்த இரண்டு ஓட்டைகள். என் மனைவியின் உயிர் அந்த ஓட்டைகள் வழியாகப் போய்க்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. மிகைதான். ஆனால் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

"புதுசு கிடைக்காதுண்ணே. இந்த மாடலுக்கு யார் செய்யறா? பழைய சாமான் கடையில தேடுங்க. கொண்டாந்தா நான் மாட்டித் தரேன்."

தேடினேன். டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் தேடினேன். சாலாக் செலாத்தானில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒரு சீனப் பெரியவர் குவியலுக்குள் நுழைந்து, அரை மணி நேரம் கழித்து வளைந்த ஒரு கம்பியோடு வந்தார். "டெபான் ஆடா. பெலாக்காங் தாடா, பாஸ்." முன்பக்கத்துக்கு இருக்கிறதாம். பின்பக்கத்துக்கு இல்லையாம். அதையாவது வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

பின்பக்கத்துக்கு? அதற்குள் எனக்கு ஒரு வியாதி பிடித்துவிட்டது. எங்கே அந்த மாடல் பிக்கப்பைப் பார்த்தாலும் கீழே குனிந்து பார்ப்பது. சூப்பர் மார்க்கெட் வாசல், கோயில் கார் பார்க், டயாலிசிஸ் சென்டர் வாசல்... எதையும் விடவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடை முன்னால் அப்படி ஒரு வண்டி நின்றது. தரையில் படுத்தே விட்டேன். கம்பி இருக்கிறது! நல்ல கம்பி. புதுக் கறுப்புப் பெயின்ட் வேறு.

"அண்ணே... எங்க வண்டிக்குக் கீழ என்ன தேடறீங்க?"

பூக்கடை அக்கா. கையில் பாதி கட்டிய மாலை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். வாந்தி, சுவர், வீங்கின கால்... முன்பின் தெரியாத ஒருவரிடம் நடுத்தெருவில் அவ்வளவையும் கொட்டினேன். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா மாலையைக் கீழே வைத்தார். "எங்க வண்டியக் கழட்டித் தர முடியாதுண்ணே. ஆனா எங்க வீட்டுக்காரரோட தம்பி காப்பார்ல இருக்காரு. அவர்கிட்டயும் இதே மாடல். வெள்ளத்துல முழுகிப்போய் வீட்டுக்குப் பின்னால கிடக்கு. கோழிங்கதான் படுத்திருக்கு. போன் பண்ணிச் சொல்றேன், போங்க."

மறுநாள் காலை காப்பார். வீட்டுக்குப் பின்னால் புல்லுக்குள் வண்டி கிடந்தது. அந்தத் தம்பி, மாணிக்கம், என் வயதுக்காரர். ஒரு போல்ட்டும் அசையவில்லை. எண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். மேலே கோழிகள் சத்தம் போட்டன.

"யாருக்குண்ணே டயாலிசிஸ்? அண்ணி சொன்னாங்க."

"என் மனைவிக்கு."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"எங்க அக்காவுக்கும் செஞ்சோம்."

செஞ்சோம். 'செய்யறோம்' இல்லை என்பது என் காதில் விழுந்தது. அவர் எழுந்து போய் எங்கிருந்தோ கேஸ் டார்ச் வாங்கிவந்து போல்ட்டைச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கினார். கம்பி கையோடு வந்தது.

அதோடு முடிந்ததா? சேகர் பட்டறையில் முன்பக்கக் கம்பி ஒழுங்காக உட்கார்ந்தது. பின்பக்கக் கம்பியை வண்டியோடு இணைக்கிற லிங்க் எட்டவில்லை. சேகர் பிராக்கெட்டை வெட்டி, வெல்டிங் வைத்து, புது ரப்பர் புஷ் போட்டார். வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே போல்ட்டைக் கடைசியாக முறுக்கினார். "இல்லாட்டி புஷ் பிஞ்சிரும்ணே." சாயங்காலம் ஆகிவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு ரவுண்ட்அபவுட். மூன்று தடவை சுற்றினேன். வண்டி சாயவே இல்லை! தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு நான் ஒன்றைச் சரி செய்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. போகும்போது சாந்தியே சொன்னாள், "நல்லா இருக்குங்க. ஆடல."

நான்கு மணி நேரம் கழித்து அவளை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். மெதுவாகத்தான் ஓட்டினேன். மேம்பாலம் இறங்கினோம். வளைவு. வண்டி நேராக நின்று திரும்பியது.

"நிறுத்துங்க..."

அதே ஓரம். அதே மாதிரி குனிந்தாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை.

"வண்டி ஆடலையே, சாந்தி" என்றேன். குழந்தை மாதிரி.

"ஆடல." அவளே பாட்டிலை எடுத்து வாயைக் கொப்பளித்தாள். "அந்த வாடகைக் கார் மட்டும் ஆடுச்சா என்ன? மெஷின்ல இருந்து எழுந்தாலே எனக்கு இப்படித்தாங்க. தலை சுத்தும், பிரஷர் இறங்கிரும். நர்ஸ் மொதல்லயே சொன்னாங்க."

"அப்புறம் ஏன் வண்டி மேல பழி போட்ட?"

"வேற என்ன சொல்றது? வாழ்ந்தது போதும்னு உங்க முகத்தப் பாத்துச் சொல்ல முடியுமா? வண்டியச் சொன்னேன்."

லோரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"சரி, நான் தேடி அலைஞ்சப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்." கண்ணை மூடிக்கொண்டாள். "ஆனா நீங்க அந்தக் கம்பியத் தேடி வெளிய போற நாள்ல உங்க மூஞ்சில கொஞ்சம் உசுரு இருந்துச்சு. வீட்ல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு... அது தேவலைன்னு விட்டுட்டேன்."

யாருக்கு யார் சிகிச்சை பார்த்துக்கொண்டிருந்தோம்? ஆண்கள் நாங்கள் இப்படித்தான். கழற்றி மாட்டக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குள் தலையைப் புதைத்துக்கொள்வோம். பக்கத்தில் படுத்திருப்பவளிடம் 'பயமா இருக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்.

அன்றைக்கு அந்த ஓரத்தில் கேட்டேன்.

"இருக்கு" என்றாள். "உங்களுக்கு?"

"இருக்கு."

அவள் சீட்டைச் சாய்த்துப் படுத்தாள். வண்டியை எடுத்தேன். திங்கட்கிழமை அவள் வந்தாள். புதன்கிழமையும். வருகிற வெள்ளிக்கிழமை வருவாளா? கேட்கவில்லை. காலையில் எழுந்து சேலை மாற்றினால் வருகிறாள் என்று அர்த்தம்.

பழைய பிக்கப்புக்கு ஸ்டெபிலைசர் பார் எங்கே கிடைக்கும், எப்படி மாட்டுவது என்று யாருக்காவது தெரிய வேண்டுமா? எனக்கு எழுதுங்கள், விவரமாகச் சொல்கிறேன்.

மற்றது எதையும் கேட்காதீர்கள் — எனக்குத் தெரியாது.