உப்பு தொடங்கும் இடம்

கடலும் கோயிலும் ஒரே ஊரில் இருந்தால் பஸ் டிக்கெட் ஒருமுறை எடுத்தால் போதும் என்று கண்டுபிடித்தவர் என் அப்பா. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் மகாபலிபுரம் போய்வந்து, அங்கே வாங்கிய சிப்பி மாலையைக் கழுத்திலிருந்து கழற்றாமல் திரிந்த நேரம் அது. எனக்கு ஒன்பது வயது. நானும் போகவேண்டும் என்று ஒரு மாதம் விடாமல் நச்சரித்ததில் அப்பா இறங்கிவந்தார்.

“மாபலிபுரத்துல இன்னா கீது? கடலு, கோயிலு. ரெண்டும் பயவேக்காட்டுலயே கீது. ஏரி வேற சும்மா கெடைக்கிது” என்றார்.

“ஏரிய மடிச்சி ஊட்டுக்கு எடுத்துக்கினு வரப்போறியா?” என்று அம்மா கேட்டாள்.

அப்போது நாங்கள் புதுவாயலில், நெடுஞ்சாலையை ஒட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். லாரி போகிற அதிர்வில் அலமாரித் தட்டுகள் தானாக நகரும். அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் காண்ட்ராக்ட் ஆள். பழவேற்காடு எங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. பொன்னேரி வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ஒரு பஸ், அவ்வளவுதான். இத்தனை பக்கத்தில் கடல் இருப்பதை ஒன்பது வருஷமாக யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

அப்பாவின் திட்டத்தில் செலவு என்பது போகவர வண்டிச் சத்தம் மட்டும். சாப்பாட்டுக்கு அம்மா கட்டிய புளிச்சோறு. படகுக்கு ஒரு சித்தப்பா.

அவர் சொந்தச் சித்தப்பா அல்ல. ஏரியில் ஒன்றும் கிடைக்காத கோடையில் பழவேற்காட்டிலிருந்து சிலர் ஆலை வேலைக்கு வருவார்கள். அப்படி வந்தவர். சேர்ந்த முதல் வாரமே அவர் பாதத்தில் இரும்புத் துண்டு ஏறிவிட்டது. அப்பா அவரைச் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரி வரை தள்ளிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவர் அப்பாவுக்குத் தம்பி, எங்களுக்குச் சித்தப்பா. வேலையை விட்டுப் போகும்போது, “ஒரு நாள் கொயந்தைங்கள இட்டுக்கினு ஊட்டாண்ட வாண்ணே, படகுல இட்டும்போறேன்” என்று சொல்லி, ஒரு சீட்டில் போன் நம்பரும் எழுதிக்கொடுத்தார். விடைபெறும்போது எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். போன் மட்டும் பண்ணவில்லை. போன் பண்ணினால் காசு, நேரில் போய் நின்றால் சந்தோஷம் என்பது அவர் கணக்கு.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான், நாலு வயதுத் தம்பி, நாலு பேரும் போய் இறங்கினோம். எனக்கு முதலில் பட்டது அந்த ஊரில் யாருக்கும் அவசரம் இல்லை என்பது. புதுவாயலில் ஜனங்கள் ஷிப்டுக்கு ஓடுவார்கள். இங்கே ஓர் ஆடு நடுரோட்டில் படுத்திருந்தது, பஸ் அதைச் சுற்றிக்கொண்டு போனது.

முதலில் கோயில். பழைய பெருமாள் கோயில், பாதி இடிந்து கிடந்தது. ஆனால் கல்லில் விரல் உயரத்துக்கு ராமாயணத்தையே செதுக்கி வைத்திருந்தார்கள். நான் குரங்குகளை எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியபோது அர்ச்சகர் பக்கத்தில் வந்து நின்றார்.

“எதுக்கும்மா எண்றே?”

“பாலம் கட்றதுக்கு எத்தினி பேர் வந்தாங்கன்னு பாக்கறேன்.”

“எண்ணி முடிச்சுட்டு எனக்கும் சொல்லு. இத்தன வருஷமா இங்க இருக்கேன், எனக்குத் தோணவே இல்ல.”

அப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். படகு ஞாபகம் அவருக்கு.

சித்தப்பாவின் வீடு ஏரிக்கரைக் குப்பத்தில் கடைசி வீடு. பத்து மணி இருக்கும். வாசலில் வலையை மடிமேல் பரப்பிக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த ஊசி நின்றது. ஒரு நொடிதான். உடனே எழுந்து வந்து தம்பியைத் தூக்கிக்கொண்டார்.

“இன்னாண்ணே, ஒரு போன் போட்டுட்டு வரக்கூடாதா?”

“போன் போட்டா நீ கறி, மீனுன்னு செலவு பண்ணுவ. அதான் சொல்லாம வந்தேன்” என்றார் அப்பா, பெருந்தன்மையோடு.

சித்தி வெளியே வந்து, “நாஷ்டா துன்னீங்களா?” என்று கேட்டாள். பிறகு அவளும் சித்தப்பாவும் வீட்டுக்குப் பின்பக்கம் போனார்கள். பெரியவர்கள் ஒதுங்கிப் பேசினால் என் காலும் அந்தப் பக்கம்தான் போகும். சுவரோரம் நின்று கேட்டேன்.

“மூணு மணிக்குள்ள வந்துருவேன்.”

“வந்துருவியா?”

“வந்துருவேன்டி. ஊடு தேடி வந்தவங்கள இன்னான்னு சொல்லி அனுப்பறது? அந்த அண்ணன் இல்லன்னா எனக்குக் காலே இல்ல.”

அந்த மூன்று மணி என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது வெகுநாள் கழித்து. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராக வேலை பார்த்துத் திரிந்ததில், நெல்லூர்ப் பக்கம் இறால் உரிக்கும் ஷெட் ஒன்றில் கொஞ்ச காலம் இருந்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்து உரித்தவள் பழவேற்காட்டுக்காரி. அவள் சொன்னாள். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலதான். எல்லாரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் அடிதடியில் முடியும். அதனால் சீட்டு எடுத்து, இன்ன நாள் இன்ன இடம் இன்ன வீட்டுக்கு என்று முறை வைத்திருப்பார்கள். முறை உள்ளவர்கள் மதியம் மூன்று மணிக்குப் படகுத்துறைக்கு வந்துவிட வேண்டும். சேர்ந்து கிளம்பி, பொழுது சாய்வதற்குள் வலை கட்டி, விடியற்காலையில் இறாலோடு திரும்புவார்கள். மூன்று மணிக்கு ஆள் இல்லையென்றால் அந்த இடம் அடுத்த வீட்டுக்கு. காரணம் கேட்கமாட்டார்கள். கூடப்பிறந்தவனோ மகனோ இருந்தால் பதிலுக்கு நிற்கலாம். சித்தப்பாவுக்கு இரண்டும் இல்லை. மழை ஓய்ந்து இறால் வரும் கொஞ்ச நாளில் ஒரு வீட்டுக்கு இப்படி மூன்று நாலு முறை வந்தால் அதிகம். வருஷத்தின் சோறு அதில்தான்.

அந்த ஞாயிறு சித்தப்பாவின் முறை. நாங்கள் புளிச்சோற்றோடு போய் அவர் வாசலில் நின்றோம்.

கடற்கரைக்குப் பாலத்து வழியாக நடந்தே போயிருக்கலாம். அப்பாவுக்குப் படகு வேண்டும், அதுவும் ஏரி போய்க் கடலில் சேரும் முகத்துவாரம் வரைக்கும். அம்மா தண்ணீருக்குப் பயந்தவள். சித்திக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஏறிக்கொண்டோம். சித்தப்பா நீளக் கழியை ஊன்றித் தள்ளினார். ஏரி அத்தனை பெரிதாக இருந்தும் ஆழம் அவர் இடுப்பளவுதான் இருக்கும் என்று கழியைப் பார்த்தே தெரிந்தது. தூரத்தில் பூநாரைகள் ஒரே காலில் நின்றன. இன்னொரு காலை எங்கே வைத்திருக்கின்றன என்று கேட்டேன். பிறகு தண்ணீரில் வரிசையாக நட்டிருந்த கழிகளைக் காட்டி, “அது எதுக்கு?” என்றேன்.

“வல கட்றதுக்கு.”

“யாரு கட்டுவாங்க?”

“ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொருத்தர்.”

“இன்னிக்கு யாரு?”

சித்தப்பா கழியை ஊன்றி, இழுத்து, மறுபடி ஊன்றினார். “இன்னிக்கு ஒருத்தர் கீறாரு” என்றார்.

எதிரே வந்த படகிலிருந்து ஒருவன் கத்தினான். “இன்னா மாமே, வலய உட்டுட்டு டூரிஸ்டு ஓட்டக் கெளம்பிட்டியா?”

“மூணு மணிக்குத் தொறையாண்ட பாருடா என்ன. போடா, உன் வேலயப் பாரு.”

அப்பா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மகாபலிபுரத்தில் இதே படகுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் ஏரி சத்தமில்லாமல் கிடந்தது, மறுபக்கம் கடல் அறைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்று தெரிந்தாகவேண்டியிருந்தது. படகில் வரும்போது கையால் அள்ளி நக்கிப் பார்த்த ஏரித் தண்ணீர் லேசாகத்தான் உப்புக் கரித்தது. கடல் உப்பு என்று பாடப் புத்தகமே சொல்கிறது. அப்படியானால் உப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது? அங்கே கோடு மாதிரி ஏதாவது இருக்குமா?

பத்து அடிக்கு ஒருமுறை குனிந்து ஒரு வாய் அள்ளினேன். துப்பினேன். இன்னும் பத்து அடி. திட்டு வளைந்து போயிற்று, நானும் வளைந்து போனேன். சவுக்கு மரங்கள் வந்தன. சிவப்பு நண்டுகள் என்னைக் கண்டு வளைக்குள் ஓடின. எங்கே நிறுத்தினோம் என்று மறந்துபோகவே திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கினேன். பக்கத்தில் யாரும் இல்லை என்பதுகூட உறைக்கவில்லை. அங்கே மணி பார்க்க என்ன இருக்கிறது?

அவர்கள் தண்ணீரில் தேடினார்களாம். ஒன்பது வயதுப் பெண் முகத்துவாரத்தில் காணவில்லை என்றால் முதலில் அங்கேதானே தேடுவார்கள். சித்தப்பா மூன்று தடவை மூழ்கிப் பார்த்திருக்கிறார். கடைசியில் அவர்தான் மணலில் என் கால்தடத்தைப் பிடித்து வந்தார். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பின்னால் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்த அப்பா, வந்த வேகத்தில் என் முதுகில் ஒன்று வைத்தார். அடுத்த அடியைச் சித்தப்பா குறுக்கே கை கொடுத்துத் தடுத்தார்.

“உடுண்ணே, கொயந்த. உசுரோட கீதே, அது போதும்.” பிறகு என்னிடம், “இன்னா பண்ணிக்கினு இருந்த இங்க?”

சொன்னேன். அவர் சூரியனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அவசரமே இல்லாதவர் மாதிரி, என் முன்னால் குந்தினார்.

“அது ஒரே எடத்துல நிக்காதும்மா. தண்ணி ஏறச்சொல்லோ உள்ள வரும், எறங்கச்சொல்லோ வெளிய போவும். காலைல ஒரு எடம், சாய்ந்தரம் ஒரு எடம்.”

எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. எந்த வாத்தியாரும் எனக்கு இத்தனை தெளிவாக ஒன்றைச் சொன்னதில்லை.

திரும்பும்போது அவர் வேகவேகமாகத் தள்ளினார். எதிர்க்காற்று. கழியை ஊன்றுகிற ஒவ்வொரு தடவையும் கழுத்து நரம்பு புடைத்தது. அப்பா கழியை வாங்கித் தானும் தள்ளிப் பார்த்தார், படகு ஒரு சுற்று சுற்றியது. நான் சிரித்தேன். அதற்கும் ஒன்று விழுந்தது.

வழியில், தூரத்தில், பத்துப் பன்னிரண்டு படகுகள் வரிசையாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. ஊர்வலம் மாதிரி அழகாக இருந்தது. தம்பி கை ஆட்டினான். சித்தப்பா தள்ளுவதை நிறுத்தினார். கழியைப் படகில் படுக்கவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்தார். பிறகு எடுத்து, முன்னைவிட மெதுவாகத் தள்ள ஆரம்பித்தார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

துறையில் சித்தி தனியாக நின்றிருந்தாள்.

“போய்ட்டாங்க” என்றாள்.

“யாரு சித்தி?” என்றேன்.

“யாரும் இல்ல. வா, துன்னலாம்.”

வாசலில் ஒரு தூக்குவாளி துணியால் இறுக்கிக் கட்டித் தயாராக இருந்தது. சித்தி அதை உள்ளே எடுத்துவந்து, முடிச்சை அவிழ்த்து, எங்கள் தட்டுகளில் போட்டாள். சோறும் மடவை மீன் குழம்பும். புளிச்சோறு பையிலேயே இருந்துவிட்டது. தூக்கில் கட்டிவைத்த சோற்றுக்கு இத்தனை ருசி எப்படி வருகிறது என்று கேட்டு மூன்று தடவை வாங்கித் தின்றேன். அப்பா இரண்டு தடவை. அம்மா மட்டும் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு மத்தியானமே தெரியும். வலையைப் பார்த்து, தூக்கைப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அண்ணனிடம் சொல்லக்கூடாது, பிள்ளைமேல் ஆணை என்று சித்தி சத்தியம் வாங்கியிருந்தாள். நான் இறால் ஷெட்டிலிருந்து போனில் கேட்டபோதுதான் அம்மா இதைச் சொன்னாள். அப்போதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அப்பா பக்கத்தில் இருந்தார்.

பஸ் ஏற்றிவிடச் சித்தப்பா கூடவே வந்தார்.

“நீ போ தம்பி, உனக்கு வேல கெடக்கும்” என்று அப்பா சொன்னார்.

“ஒன்னும் இல்லண்ணே.”

டிரைவர் டீ குடிக்கப் போனவர் வர அரைமணி ஆயிற்று. அந்த அரைமணியும் சித்தப்பா ஜன்னலுக்குக் கீழேயே நின்றார். ஈரம் அப்போதுதான் காய்ந்து, சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பூநாரை காலை மடக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும் என்றார். பஸ் நகர்ந்தபோது கையை உயர்த்தினார். திருப்பத்தில் எட்டிப் பார்த்தேன். அப்போதும் அங்கேயே, அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“பாத்தியா,” என்றார் அப்பா அம்மாவிடம். “படகு, சாப்பாடு, எல்லாம் சும்மா. மாபலிபுரத்துல நடக்குமா?”

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலைப் பார்க்க முடியாத கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். சித்தப்பாவுக்கு நம்மேல் எவ்வளவு பிரியம், போகாமல் நின்றாரே என்றேன். அந்த ஊரில் ஆம்பிளைகளுக்குச் சாயங்காலத்தில் வேலையே இருக்காதுபோல, பெரியவளானதும் அங்கேதான் போய் இருக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, பொன்னேரி வரை தூங்கினேன்.