ராக்கெட் பார்க்கப் போன வேன்

அந்த வேனில் பதின்மூன்று பேர் போனோம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று பல மாதங்களாகத் துடித்துக்கொண்டிருந்த கூட்டம். தஞ்சாவூரில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடத்திய வாட்ஸ்அப் குழு எங்களுடையது. எந்தக் கிரகம் எப்போது தெரியும், எந்த ராக்கெட் எப்போது கிளம்பும் என்று தினமும் எழுதுவார். எல்லோரும் அவரை சார் என்போம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், மரியாதையோடுதான் கூப்பிட்டேன். இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது.

நான் கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ராக்கெட் பைத்தியம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. கீழ்வேளூர் பக்கம் கூலிக்கு நடவு நட்ட காலத்தில், ஒரு விடியற்காலை வடக்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி சரசரவென்று மேலே ஏறியதை அவள் பார்த்திருக்கிறாள். அது ராக்கெட் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்ததாம். அன்றிலிருந்து டிவியில் ராக்கெட் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். "இதுல பொம்மையாட்டம் தெரியுது. கிட்டப் போயி பாக்கணும் புள்ள" என்பாள்.

பார்வையாளர் மாடத்துக்கு இணையத்தில் பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே இடம் தீர்ந்துவிடும். மூன்று முறை தவறி, நான்காம் முறை எங்கள் இருவருக்கும் கிடைத்தது. குழுவில் சொன்னேன். சார் உடனே, "அம்மாவையும் கூட்டிட்டு வாம்மா, வேன்லயே போயிடலாம்" என்றார்.

அம்மா ஊரிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டாள். விடிவதற்குள் கும்பகோணத்தில் ஏறினோம். அணைக்கரை தாண்டி, கொள்ளிடக் கரையோரம் ஓர் ஊரில் சாருடைய சம்பந்தி வீடு. காலைச் சாப்பாடு அங்கே என்று முன்பே பேச்சு. பெரிய மாடி வீடு. வாசலில் கார் ஷெட். எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மாள் என் அம்மாவிடம் வந்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"கீழ்வேளூர் பக்கம்."

"அங்க எங்க சொந்தக்காரங்க இருக்காங்க, அதான் கேக்குறேன். ஊருக்குள்ள எந்தத் தெரு?"

அம்மா தெருவைச் சொன்னாள். எங்கள் ஊரில் தெருவைச் சொன்னால் வேறு எதையும் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாள் சிரித்த முகம் மாறாமலே உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கார் ஷெட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன.

"உள்ள இடம் பத்தாது. நீங்க ரெண்டு பேரும் இங்க காத்தோட்டமா உக்காருங்க."

எங்களுக்கு இட்லி காகிதத் தட்டில் வந்தது. காபி காகிதக் கோப்பையில் வந்தது. நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியே கூடம் தெரிந்தது. மற்ற பதினொரு பேரும் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் ஒரு பெஞ்சு காலியாகவே கிடந்தது. சார் நடுவில் உட்கார்ந்து, ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் எப்படிப் பற்றும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்பினார். எங்களைப் பார்த்தார். பிறகு சட்னி கேட்டார்.

அம்மா தட்டைத் தொடவில்லை. அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, வீட்டு வாசல்படிக்குப் போய் நின்றாள்.

"சார், நாங்க வேன்ல இருக்கோம். நீங்க சாப்ட்டுட்டு வாங்க."

"ஏம்மா, நீங்க சாப்பிடலையா?"

"உங்க சம்பந்தி வீட்டுல தட்டு தட்டுப்பாடு போலருக்கு. இருக்குறவங்க சாப்பிடட்டும்."

கூடத்தில் பத்துப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் கல்லூரிப் பேராசிரியர். சார் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "பழைய ஆளுங்கம்மா. மனசுல வச்சுக்காதீங்க. நேரமாச்சு, அங்க கேட்டை மூடிடுவான்."

நான் பதில் பேசவில்லை. அதை எழுதாமல் விட்டால் இந்த ஆத்திரத்துக்கு அர்த்தமே இல்லை. நேரத்துக்குப் போகாவிட்டால் ராக்கெட் போய்விடும் என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறினேன்.

திண்டிவனம் தாண்டியதும் அவருக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. "மேலேர்ந்து பூமியப் பாத்தா ஒரு கோடு கிடையாதுங்க. நாடு கிடையாது, ஊரு கிடையாது. எல்லாரும் ஒண்ணு" என்றார். வேனில் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் மடியில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை அவர் மண்டையில் எறியாமல் இருக்க, விரல்கள் வலிக்கும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மாடத்தில் இருக்கைகள் படிக்கட்டுபோல இருந்தன. நல்ல வெயில். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கடல் பக்கம் பார்த்தபடி மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு நான்கு படி கீழே சார். ஒலிபெருக்கியில் எண்ணிக்கை குறையத் தொடங்கியதும் கூட்டமே எழுந்து நின்றது. அவரும் எழுந்து, கையை உயர்த்தி, பக்கத்தில் இருந்தவர்களோடு சேர்ந்து சத்தமாக எண்ணினார். நான் அவருடைய பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல்படியில் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று சுற்றிலும் ஆரவாரம். பிறகு நெஞ்சுக்கூடு அதிரும் சத்தம். நான் நிமிர்ந்தபோது அது மேகத்துக்குள் போய்விட்டது. வெள்ளைப் புகைதான் மிச்சம்.

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணில் தண்ணீர். "பாத்தியா புள்ள? பாத்தியா?"

"பாத்தேம்மா" என்றேன்.

திரும்பும்போது அந்த வேனில் ஏற மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "யாரு ஏறச் சொன்னா?" என்றாள். சூலூர்பேட்டையில் மின்சார ரயில் பிடித்து, சென்னையில் பஸ் மாறி ஊர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் நடந்ததை நடந்தபடியே குழுவில் எழுதினேன். பிறகு பேராசிரியர், "இது அறிவியல் குழு. இங்கு அரசியல் வேண்டாமே" என்று எழுதினார். அதற்கு ஒன்பது பேர் கட்டைவிரல் போட்டார்கள். மாலைக்குள் என்னை நீக்கிவிட்டார்கள். வேனில் வந்த ஒரு பெண் மட்டும் போனில் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுக்கா" என்றாள்.

"அங்க சொல்லியிருக்கலாமே."

"எல்லாரும் சும்மா இருந்தாங்க. நான் எப்படிக்கா..."

அவள் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. நானும்தான் சும்மா இருந்தேன் என்பதையும் சொல்லவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் நெருப்பின் நிறம், சத்தம் பிந்தி வந்தது எல்லாவற்றையும் விவரித்துக்கொண்டிருந்தாள். "இவளும் பாத்தா, கேளு" என்று என்னைக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி போனபிறகு உண்மையைச் சொன்னேன். சாருடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் ராக்கெட்டைக் கோட்டைவிட்டேன் என்று.

என்னை அடிக்காத குறைதான். "அந்தாளுக்கு அதையும் தூக்கிக் குடுத்துட்டியா? அதுக்கா நான் வாயக் கட்டிக்கிட்டு அந்த வேன்ல உக்காந்து வந்தேன்?"

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை என் செல்போனை எடுத்து வந்து மடியில் போட்டாள்.

"அடுத்தது எப்பன்னு பாரு. ரெண்டு பேருக்கும் போடு. ரயில்லயே போவோம்."