டயரில் நின்ற ஜாடி

காத்திவாக்கத்தை விட்டு நடந்து, சாம்பல் லாரிகள் ஓடும் சாலைக்கு வந்த பிறகுதான் செருப்பை மறந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

உறவில்லாவிட்டாலும், ஏழு மாதமாக அவர் வீட்டை ஒட்டிய ஷெட்டில் படுத்துக்கொண்டு, அவர் மகனின் படகில் வலை இழுத்துவந்தேன். வாசலில் ஒரு பெரிய மண்ஜாடி இருக்கும். இறந்துபோன அவர் கணவரின் வலையில் ஏறி வந்தது. அடி கூம்பாக இருந்ததால் பழைய லாரி டயருக்குள் நிறுத்தியிருந்தார். உப்பு இறங்க, ஒரு மாதம் தினமும் தண்ணீர் மாற்றினாராம். பிறகு தெருவே அதில்தான் குடித்தது.

கழிமுகத்தை ஆராய வந்த பேராசிரியர் ஒருவரிடம், டீக்கடையில் பெருமைக்காக அதன் படத்தைப் போனில் காட்டினேன். எட்டாவதோடு நின்றவன் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. மறுவாரமே அருங்காட்சியகத்திலிருந்து வருவதாகச் செய்தி வந்தது.

அதைக் கேட்டு, ஜாடி வந்த அன்றைக்கு அந்த வலையை இழுத்த மூன்று பேர் வந்தார்கள். படகில் வந்தது பொது, எங்களுக்கும் பங்குண்டு என்றார்கள். அக்கா மூத்தவரைப் பார்த்தார்.

“கலீஜ் பானை, கடல்லயே போடுன்னு சொன்னது நீதானே மாமு? இப்ப இன்னாத்துக்குப் பங்கு?”

அவர்கள் அதிலேயே தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போனார்கள்.

அதிகாரி வரும் நாள் காலையில் அக்கா ஜாடியை மீன் ஆயும் கத்தியால் சுரண்டி, தேங்காய் நாரால் தேய்த்தார். பெரிய இடத்துக்குப் போவதை அழுக்கோடு அனுப்பக் கூடாதாம். நான் தண்ணீர் ஊற்றினேன். வந்தவர், ஒட்டியிருந்த சிப்பியெல்லாம் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். எவ்வளவு காலம் கடலில் கிடந்தது என்று அதை வைத்துக் கணிப்பார்களாம். ஆனாலும் கடிந்து பேசவில்லை. இவ்வளவு பழைய பொருள் யாருக்குக் கிடைத்தாலும் அரசாங்கத்தைச் சேரும், ஒரு வீட்டு வாசலில் உடைந்துபோனால் எல்லாருக்கும் இழப்பு என்றார். அதுவும் நியாயம்தான். அக்காவின் கணவர் எடுத்தது, அக்கா உப்பு இறக்கியது, இதையெல்லாம் எங்கே எழுதிக்கொள்வார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா கேட்டது ஒன்றுதான். “அங்க அதுல தண்ணி ஊத்தி வெப்பீங்களா சார்? காஞ்சா விரிசல் வுட்டுடும்.”

கேட்டுச் சொல்கிறேன் என்றார் அதிகாரி.

வேன் போன பிறகு டயர் மட்டும் கிடந்தது. என்னைத் திட்டியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். அக்கா டயரை ஓரமாக நகர்த்திவிட்டு, “நீதானே நைனா காட்டுன. நீயே அப்பப்ப போயி பாத்துக்கினு வா,” என்றார்.

ராயபுரத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை அருங்காட்சியக வாசலில் போய் வேலை கேட்டேன். பெருக்குகிற வேலை இருந்தது. வெளி வளாகம் மட்டும்தான், கூடத்துக்குள் விடமாட்டோம் என்றார் மேஸ்திரி. சரி என்று துடைப்பத்தை வாங்கிக்கொண்டேன்.