குடியிருக்கும் வீட்டை நம்பி ஒருவர் ஓய்வு பெற்ற கதை

என் கணவர் நாற்பத்தேழு வயதில் ஓய்வு பெற்றார். மரியாதைக்குப் பெற்றார் என்று எழுதுகிறேன். யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். எதை நம்பி என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "நம்பர் வந்துருச்சுங்க." ஆயுசுக்கும் போதும் என்று அவர் குறித்துவைத்திருந்த தொகைதான் அந்த நம்பர். அதில் பாதிக்கு மேல் நாங்கள் குடியிருக்கும் பிளாட்டின் விலை. அதாவது, அவர் கால் நீட்டிப் படுத்திருந்த தரையை நம்பித்தான் அவர் படுத்துவிட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. அவர் மென்பொருள் கம்பெனியில், நான் பேகம்பேட்டில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். வீடு ராமச்சந்திராபுரம் போகிற வழியில். தினமும் ஷேர் ஆட்டோவில் மியாப்பூர், அங்கிருந்து மெட்ரோ. அலுவலகத்தில் என் வேலை, பணம் கேட்டு எழுதியவர்களுக்கு முடியாது என்று பதில் எழுதுவது. 'வருந்துகிறோம்' என்று ஒரு நாளைக்கு இருபது முறை தட்டச்சு செய்து எனக்கு உண்மையான வருத்தம் வருவதே நின்றுபோயிருந்தது. எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது: போதுமான பணம் சேர்ந்ததும் இருவரும் ஒரே நாளில் வேலையை விடுவது. நான் அதை நம்பினேன். மியாப்பூர் படிக்கட்டில் முழங்கால் வலிக்கும்போதெல்லாம் அந்த நாளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் குடியிருப்பில் சீக்கிரம் ஓய்வு பெறும் ஆசை கொண்ட ஆண்கள் ஆறேழு பேர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் ஹவுஸில் கூடுவார்கள். உலகப் பொருளாதாரத்தை வாய் கிழியப் பேசுவார்கள். வீட்டுக்குக் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னால் மறந்துவிடுவார்கள். அவர்கள் கண்டுபிடித்த ஒரு வழக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. விற்கிற எண்ணமே இல்லாமல், முறை வைத்து மாதம் ஒருவர் தன் பிளாட் விற்பனைக்கு என்று இணையத்தில் விளம்பரம் போடுவார். போன மாதத்து விலையைவிட இரண்டு மூன்று லட்சம் கூட்டிப் போட வேண்டும். அதைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் அனுப்புவார். மற்றவர்கள் கட்டை விரலைக் காட்டுவார்கள். அன்று சாயங்காலமே என் கணவர் லேப்டாப்பைத் திறந்து, ஓய்வுக் கணக்குப் போட்டு வைத்திருந்த எக்செல் ஷீட்டில் எங்கள் வீட்டின் விலையை ஏற்றிவிடுவார். அவருடைய முறை வந்த மாதம், தானே போட்ட விளம்பரத்தைத் தானே பார்த்து, மூன்று லட்சம் பணக்காரரானார். அதைச் சிரிக்காமல் செய்தார்.

டி பிளாக்கில் கணவரை இழந்த ஓர் அம்மா இருந்தார். பெங்களூரில் இருக்கும் மகளிடம் போய்விடலாம் என்று நிஜமாகவே வீட்டை விற்கப் பார்த்தார், நியாயமான விலை சொன்னார். இந்தக் கும்பல் வரிசையாகப் போன் செய்து, எல்லோருடைய ரேட்டையும் கெடுக்கிறீர்கள் என்று சொல்லி அவரை விலையை ஏற்ற வைத்தது. அவர் மகளிடம் போய்விட்டார். வீடு விற்காமல் பூட்டிக் கிடக்கிறது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பொய் விலையை ஊரில் இருக்கும் என் அக்காவிடம் போனில் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அவள் "அம்மாடியோவ்" என்றபோது காது குளிரக் கேட்டுக்கொண்டேன். என் மூளையும் அன்று கிளப் ஹவுஸில்தான் உட்கார்ந்திருந்தது.

அவர் ராஜினாமா செய்த அன்று கையில் ஒரு பூங்கொத்தோடும், முகத்தில் ஞானம் வந்த களையோடும் வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா விடறதுன்னுதானுங்களே பேச்சு?" என்றேன்.

"நீயும் விட்டறலாம் கண்ணு. இன்னும் கொஞ்ச நாள். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் உன்ற ஆபீஸ்லதான இருக்குது?"

ஊர்ப் பக்கம் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரித்தான் அந்தக் கண்ணு. எனக்கு எதுவும் புரியாது என்று அவர் முடிவு செய்யும்போதெல்லாம் அது வரும்.

கொஞ்ச நாள் என்பது ஒரு வருஷமானது. காலையில் நான் ஷேர் ஆட்டோவுக்கு ஓடுவேன். அவர் பால்கனியில் காபி டம்ளரோடு நின்று, தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார். "பாவம், ஓடிட்டே இருக்கறாங்க" என்பார். அந்தக் காபிக்குப் பால் வாங்கியது என் சம்பளம்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன்: "ஏனுங்க, நாம இருக்கற வீட்ட எப்படி செலவு பண்றது?"

"அது அசெட் கண்ணு. வீட்டுக் கடனக்கூடக் கழிச்சுத்தான் போட்டிருக்கறேன் பாரு. எப்ப வேணாலும் விக்கலாமில்ல?"

விற்கலாம் என்று அவரே சொன்னதால், அடுத்த சனிக்கிழமை காலையில் ஒரு தரகரை வரச் சொன்னேன். தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருதுவைக் கலந்துதான் தமிழ் பேசுவார். அறை அறையாகப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், கடைசியில் ஒரு விலை சொன்னார். ஷீட்டில் இருந்ததைவிட நாற்பது லட்சம் குறைவு.

என் கணவர் துள்ளினார். "போன மாசங்கூட சி பிளாக்ல எவ்ளோக்குப் போட்டிருக்காங்க, பாக்கலீங்களா?"

"ஹவ் சார், பாத்தேன். போட்டாங்க. வித்தாங்களா?" என்றார் தரகர் நிதானமாக. "டி பிளாக் அம்மா பிளாட்டுக்கு ஒரு வருஷமா பார்ட்டி இல்லே. அந்த ரேட்டெல்லாம் நக்கோ சார், யாரும் குடுக்க மாட்டாங்க."

"இந்த வெலைக்கு வித்துப்போட்டு நாங்க எங்கீங்க போறது?"

இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு ஒரு வருஷமும், ஒரு தரகரும் தேவைப்பட்டிருக்கிறது. இதே பக்கத்தில் சின்ன வீடு வாங்கினாலும் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது, மிச்சம் வேண்டுமென்றால் சங்காரெட்டி தாண்டிப் போக வேண்டும் என்றார் தரகர். "சங்காரெட்டியா? அங்க நல்ல காபித்தூளே கெடைக்காதே!" என்றார் என் கணவர். முப்பது வருஷத்துக்குத் திட்டம் போட்ட மனிதர் காபித்தூளில் கவிழ்ந்தார்.

வீடு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சொந்த வீடு வாடகையை மிச்சப்படுத்துகிறது. அது பெரிய விஷயம், அதைச் செலவுப் பக்கத்தில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் சேமிப்புப் பக்கத்தில் அதை எழுதுகிறவர், அதை விட்டுக் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். இவர் சோபாவை விட்டே கிளம்பத் தயாராக இல்லை.

தரகர் போனதும் அவர் சொன்ன விலையை ஷீட்டில் நானே திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். அதுவரை என் கணவர் காட்டிய பக்கத்தைத்தான் பார்த்திருந்தேன். அன்று கீழே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனேன். 'உழைக்காமல் வரும் வருமானம்' என்று ஆங்கிலத்தில் ஒரு தலைப்பு. அதன் கீழே வைப்புநிதி வட்டி. அடுத்து மியூச்சுவல் பண்டு. மூன்றாவது வரியில், மனைவி சம்பளம். எனக்கு அறுபது வயதாகும் வரை, வருஷா வருஷம் ஊதிய உயர்வோடு கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது.

பக்கத்தில் நின்றவரை நிமிர்ந்து பார்த்தேன். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விளக்கம் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காத கண்ணு. நான் ஒழைக்காம வர்ற காசுதான அது? அந்தத் தலைப்புலதான் வரோணும்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் யாரோடு சாப்பிட்டேன், யாருக்குத் துணி மடித்தேன் என்று மட்டும் தோன்றியது. திங்கட்கிழமை அலுவலகத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். மூன்று மாத நோட்டீஸ். அந்தக் கடிதத்தில் 'வருந்துகிறேன்' என்று எங்கும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்தது. "அப்ப மாசச் செலவுக்கு?"

"வீடு இருக்குதுங்களே" என்றேன்.

இன்றைக்கு நோட்டீஸில் நாற்பதாவது நாள். காலையில் நான் கிளம்பும்போது அவர் சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து, வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பழைய மேனேஜரைப் பார்க்கப் போகிறாராம். காலர் மடங்கிக்கொண்டே இருந்தது, அவருக்குச் சரியாக வரவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.